குறைந்தது நூறு சொல்

ஞாயிறு இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குப்
பலகை மூடும் என்று போட்டிருக்கிறேன்.
ஒரு கேள்வி. ஐந்து புள்ளி.
குறைந்தது நூறு சொல்.
சக மாணவர் இருவருக்கு மறுமொழி, கட்டாயம்.

திருநெல்வேலியில் மேல்மாடி வாடகை அறை.
நுளம்புத்திரிப் புகைக்குள் குந்தியிருந்து
அறுபத்து மூன்று பேர்
ஒன்றுமே சொல்லாமல் உரையாடுவதை வாசிக்கிறேன்.

இந்தக் கிழமைக் கேள்வி:
நிலத்தடி நீர் யாருடைய சொத்து? விவாதிக்குக.

சுகிர்தன் எழுதுகிறான்: நீர் உயிர்களின் ஆதாராம்.
(போன வருடத்து அணியிலும் இதே வசனம் வந்தது,
இதே எழுத்துப் பிழையோடு.)
லக்‌ஷிகா: மிக அருமையான கருத்து, சுகிர்தன்.
கஜரூபன் எல்லாருக்குக் கீழும் போய்
"நானும் உடன்படுகிறேன்" என்கிறான்,
கலியாண வீட்டு வாசலில்
வருகிறவன் முகம் பாராமல்
ஆளுக்கொரு தெளி பன்னீர் தெளிப்பவன் மாதிரி.

நானும் குறை சொல்லக்கூடாது.
இரண்டு மறுமொழி கேட்டேன், இரண்டு வந்தது.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு ஒன்று விழுந்தது.
மூடும் என்று எழுதத்தான் எனக்குத் தெரியும்;
மூடுகிற பொத்தானை
இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மேரி டிலக்சினி. நெடுந்தீவு.
வகுப்பில் அவள் குரலை நான் கேட்டது
வரவு கூப்பிடும்போது மட்டும்.

"எங்கட வீட்டுக் கிணறு உவர்.
பவுசர் வந்தால் நாலு குடம். வராட்டி இல்லை.
வராத கிழமை நான் தலை முழுகிறேல்லை.
இதில என்னத்தை விவாதிக்கிறது எண்டு தெரியேல்லை, மிஸ்.
இறங்குதுறைக்கு வந்தால்தான் சிக்னல், அதுதான் பிந்தினது."

எண்ணிப் பார்த்தேன்.
நூறுக்கு எழுபதுக்கு மேல் குறைவு.
மேற்கோள் இல்லை. உசாத்துணை இல்லை.
புள்ளித்திட்டத்தில் இதற்கு ஒரு பெட்டி இல்லை.

கீழே மூன்று புள்ளிகள் துடித்தன,
நின்றன, திரும்பத் துடித்தன.
கஜரூபன்:
"பவுசர் எத்தினை நாளைக்கு ஒருக்கா வரும்?"

அந்தப் பாடத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது.
யாரும் அவனுக்குப் புள்ளி தரப்போவதில்லை.

பிறகு பொகவந்தலாவைக் கோகிலவாணி:
"மலை பூரா தண்ணி. எங்க லயத்துப் பீலிக்கு மட்டும்
விடிய நாலு மணிக்கு வரிசை."
பிறகு சுகிர்தன், அவனுடைய சொந்தத் தமிழில்:
"கோண்டாவிலில எங்கட தாங்கி
நிரம்பி வழிஞ்சால்தான் மோட்டர் நிப்பாட்டுவம்.
வாழைக்குத்தானே போகுது எண்டு அப்பா சொல்லுவார்."

கஜரூபன் உடன்படவில்லை:
"வாழை உங்கட. தண்ணி ஆற்றை?"

படலையில் நாய் குரைத்தது. நான் எழும்பி
ஒரு கிளாஸ் தண்ணி வார்த்தேன், குடிக்காமல் வைத்தேன்.
பாடநூல் தமிழில் நான் நீட்டி முழக்கிக் கேட்டதை
அவன் இரண்டு சொல்லில் கேட்டுவிட்டான்.

இரண்டரை மணிவரை பதினேழு மறுமொழி.
ஒருவர் கோபித்தார். ஒருவர் அழித்துவிட்டு
வேறு மாதிரி எழுதினார்.
டிலக்சினி திரும்பி வரவில்லை;
இறங்குதுறையிலிருந்து வீட்டுக்குப் போயிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை, எட்டு மணி விரிவுரை.
மின்விசிறி. கொட்டாவி. அறுபத்து மூன்று வாய்கள்,
பூட்டுப் போட்டபடி.
"பலகையில் கதைத்ததை இஞ்சையும் கதைக்கலாமே" என்றேன்.
கதிரைகள் கிரீச்சிட்டன. அவ்வளவுதான்.

கஜரூபன் மட்டும் முன்வரிசைப் பின்னல்களை
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்று மாதம் ஒரே மண்டபம்;
எந்தத் தலை எந்தப் பெயர் என்று
அவனுக்குத் தெரியாது.

வரவுப் புத்தகத்தை எடுத்தேன்.
வழக்கமாக அவசரமாய் ஓடுகிற இடத்தில்
கொஞ்சம் நிறுத்தி, முழுப்பெயராய்,
மேரி டிலக்சினி என்றேன்.

"வந்திருக்கிறன், மிஸ்."

அவன் திரும்பினான்.
அவள் திரும்பவில்லை.
நான் பக்கம் நாற்பத்தொன்றை
எடுக்கச் சொன்னேன்.